நன்கொடையாளர் மகள்

ஏழையாகத் தெரிய வேண்டிய ஒரே ஒரு காலையில் என் அப்பா பணக்காரராகிவிட்டார். இத்தனை வருஷம் கழித்துச் சொல்லும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். நடுவில் சிரிப்பும் வந்து தொலைக்கிறது, அது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, துணி காயப்போட மொட்டை மாடியில் கொஞ்சம் இடம். தண்ணீர் கீழேயிருந்து சுமந்து வர வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் வரை தியாகராய நகரில் எங்களுக்குச் சொந்தமாக ஜவுளிக்கடை இருந்தது. மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு இருந்தது. இரண்டும் போய்விட்டன.

எப்படிப் போயின என்று கேட்டால், மழையில் போயின. தீபாவளிக்கென்று அப்பா கடனில் மூட்டை மூட்டையாகச் சேலை எடுத்துப் போட்டிருந்தார். சீசன் முழுக்க வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ரங்கநாதன் தெருவில் முழங்காலளவு தண்ணீர். எந்த மகராசி வருவாள் சேலை எடுக்க? தேங்கிய சரக்கைச் சமாளிக்க வட்டிக்கு வாங்கினார், அந்த வட்டியைச் சமாளிக்க இன்னொரு வட்டிக்கு வாங்கினார். மற்றவர்களாக இருந்தால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவர் போகவில்லை. வீட்டை விற்றார், அம்மாவின் நகைகளை விற்றார், சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளினார். ஆளாளுக்குப் பாதி கொடுத்து, மீதிக்கு வாய்வார்த்தையில் தவணை வாங்கினார். அந்த விஷயத்தில் என் அப்பாவைப் பற்றி யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் இன்றைக்கும் நான் சும்மா விடமாட்டேன்.

ஆனால் ஒரு கிறுக்குத்தனம் அவரிடம் இருந்தது. கடை போய்விட்டது என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டி சட்டையோடு தி.நகருக்குப் பஸ் ஏறுவார். கடைத்தெருவில் நாலு பேரைப் பார்ப்பார், நாலு டீ குடிப்பார், மத்தியானம் திரும்பி வருவார். கேட்பவர்களிடம், "கடைய மாத்துதேன். பெரிய இடமாப் பாத்துக்கிட்டிருக்கேன்," என்பார்.

பஜாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எல்லாம் தெரியும். ஆனால் தென்பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 'யாவாரம் மந்தம்' என்று எந்த வியாபாரியும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் புலம்பலாம். கோடீஸ்வரனும் அப்படித்தான் புலம்புவான். ஆனால் 'போச்சு' என்ற சொல்லைக் கடைக்காரர் தன் வாயால் சொல்லக் கூடாது. அவர் சொல்லாதவரை அது நடக்கவில்லை என்றே மற்றவர்களும் வைத்துக்கொள்வார்கள். கடன் கொடுத்தவர் பொறுப்பார், சரக்குக்காரர் திரும்ப ஒரு மூட்டை அனுப்பலாமா என்று யோசிப்பார். சொல்லிவிட்டால் அத்தனையும் முடிந்தது. அப்பாவுக்கு ஈரோட்டுக்காரர் ஒருவர், தை பிறந்ததும் நம்பி ஒரு மூட்டை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு மூட்டையில்தான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

என் உயிர் வேறு இடத்தில் இருந்தது. அடையாறு பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருந்தது. புதிதாக ஆரம்பித்த கோர்ஸ், அரசாங்க உதவி கிடையாது, ஃபீஸ் மற்ற கோர்ஸை விடப் பல மடங்கு. மார்க்கைப் பார்த்துவிட்டு பிரின்சிபால், "மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன். அதுக்கு மேல வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கற பொண்ணுக்குப் போயிடும்," என்றார். அந்த வெயிட்டிங் லிஸ்ட்காரியை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு யோசனை சொன்னார். தெரிந்த நகைக்கடையில் பில் போட ஆள் கேட்கிறார்கள், டைப்பிங் பாஸ் பண்ணினால் போதும் என்றார். நல்ல மனுஷர், நல்லதுக்குத்தான் சொன்னார். "நீங்க வேணா போய் பில் போடுங்க மாமா," என்றேன். அம்மா என்னை அதட்டவில்லை. திரும்பி நின்று அடுப்பில் எதையோ கிண்டினாள். பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள் அவள்.

அவள்தான் சங்கத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்து வியாபாரிகள் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. கஷ்டப்படுகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி நிதி கொடுப்பார்கள். முதலில் ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார். உண்மையிலேயே கஷ்டம்தான் என்று அவர் சொன்னால் கமிட்டி கூப்பிட்டுப் பேசும், செக் கொடுக்கும். மனுவில் அப்பாவே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "வாறவுக வரட்டும்," என்றார். பேப்பரில் கையெழுத்துப் போடுவது அவருக்குச் சுலபம். வாயால் சொல்வதுதான் ஆகாது. அது எங்களுக்கு அன்றைக்குப் புரியவில்லை.

வீடு பார்க்க வருகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. கீழே குடியிருந்த வீட்டுக்கார மாமிக்கு இதில் பயங்கர உற்சாகம். காலையிலேயே மேலே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்கள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏண்டி, இந்த டிவியை வச்சுண்டு நாங்க ஏழைன்னு சொன்னா எவன் நம்புவான்? எங்காத்துல கொண்டு வச்சுடு," என்றாள்.

"அது ஓடாது மாமி. பிக்சர் ட்யூப் போயிடுத்து." மாமியிடம் பேசும்போது எனக்கும் அந்த பாஷை ஒட்டிக்கொள்ளும்.

"ஓடாதுன்னு அவன் கிட்ட போய்ப் பார்ப்பானா? தூக்குடி."

நானும் அம்மாவும் டிவியைப் படியில் இறக்கி மாமி வீட்டில் வைத்தோம். அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் ஏற்கனவே, அதில் கழற்ற ஒன்றுமில்லை. நான் பழைய பாவாடை தாவணியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். இருப்பதைத்தானே காட்டப் போகிறோம், பொய்யா சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "யாரு வருதாவ?" என்று கேட்டார்.

"உஸ்மான் ரோட்டுப் பாத்திரக்கடை அண்ணாச்சியாம்," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். பேப்பரை மடித்தார், எழுந்தார், சட்டையை மாட்டினார். பாத்திரக்கடை அண்ணாச்சி, எங்கள் பழைய கடைக்கு நாலு கடை தள்ளி இருந்தவர். தினமும் அப்பாவோடு டீ குடிக்கிறவர். அப்பா தடதடவென்று கீழே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மாமி வீட்டு நாற்காலிகள் இரண்டு மேலே வந்தன. அடுத்து, என் கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை, டிவி வந்தது. தனி ஆளாகத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னப்பா செய்றீங்க?"

"வீட்டுக்கு மனுசர் வாறாவ ளா. வெறும் தரையிலயா உக்கார வைப்பாவ?" 'ளா' என்றால் எங்கள் பக்கத்தில் 'ஏ பெண்ணே' மாதிரி.

நாற்காலியோடு நின்றிருந்தால் கூட நான் பொறுத்திருப்பேன். மாமியிடம் வெள்ளி டம்ளர் கேட்டு வாங்கி வந்தார். மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்கப்பாவுக்கு என்ன பித்தா?" என்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். குளத்தங்கரை ஹோட்டலிலிருந்து கேசரியும் பஜ்ஜியும் வந்தன. கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், அதை எழுதப் போவதில்லை.

பாத்திரக்கடை அண்ணாச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கட்டை குட்டையான மனிதர், கையில் ரெக்சின் பை. அப்பா வாசல் வரை போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நாற்காலியில் உட்கார வைத்தார். வெள்ளி டம்ளரில் தண்ணீர், பிறகு கேசரி, பிறகு பஜ்ஜி, பிறகு காபி. அண்ணாச்சி சங்கடமாக இரண்டு தடவை சுவரைப் பார்த்தார். "இடம் சின்னதா இருக்கே அண்ணாச்சி," என்று மெதுவாக ஆரம்பித்தார். கேட்க வேண்டியதைக் கேட்க அவரும் ஒரு வாசல் திறந்து வைத்தார் பாவம்.

அப்பா அந்த வாசலை அடித்துச் சாத்தினார். "கோயில் பக்கத்துல கொஞ்ச நாள் இருக்கணும்னு ஒரு ஆசை, அதான். யாவாரம் ஆண்டவன் புண்ணியத்துல ஓடுது. பெரிய இடமாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

நான் கதவோரம் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

அண்ணாச்சிக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் ஆகிவிட்டது. நண்பரின் கஷ்டத்தைப் பார்க்க வந்த இடத்தில் கஷ்டம் இல்லை என்று அவர் வாயாலேயே கேட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? கூட ஒரு கேசரி சாப்பிட்டார். பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும்போது, சந்தோஷ மிகுதியில், "அப்ப இந்த வருசம் நம்ம கல்வி நிதிக்கு உங்க பேருல ஒரு தொகை எழுதிக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

அப்பா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஐந்நூத்தி ஒண்ணு போட்டுக்கிடுங்க."

எனக்குப் பிச்சை கேட்ட தட்டிலேயே எங்கள் பெயரில் பிச்சை போட்டுவிட்டார் மனுஷர். உலகத்தில் வேறு எந்த அப்பனாவது இப்படிச் செய்திருப்பானா? எனக்குத் தெரிந்து எங்கள் கடைத்தெருவில் மட்டும்தான் இது நடக்கும்.

அண்ணாச்சி சந்து திரும்பும்வரை காத்திருந்தேன். அப்புறம் கத்தினேன். மாமி வீடு, எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். "யாருக்கு நன்கொடை? எனக்கா? உங்க மகளுக்கு உதவி பண்ணுங்கன்னு அவங்களுக்கு நீங்க காசு குடுக்கறீங்களா? ஏம்ப்பா, மூளை இருக்கா?"

அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "வாய் வரல ளா," என்றார். "அவரப் பாத்ததும் வாய் வரல. நான் அவருட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னு வையி, சாயங்காலத்துக்குள்ள பஜார் பூராவும் தெரிஞ்சிரும். ஈரோட்டுக்காரர் ஒரு முழம் துணி தர மாட்டாரு. நான் திரும்ப எந்திரிக்கவே முடியாது."

"நீங்க எந்திரிக்கறதுக்கு நான் உக்காந்துடணுமா?"

அம்மாதான் பேசினாள். அண்ணாச்சி வந்து போன பிறகு அவள் பேசினது அது ஒன்றுதான். "உங்க மானம் பெருசுதான். எம் புள்ள படிப்பு என்ன சிறுசா?" வெள்ளி டம்ளர்களைத் தேய்த்துக் கழுவி மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

எதிர்பார்த்தது போலவே, சங்கத்திலிருந்து என்னைக் கூப்பிடவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது என்று மட்டும் தெரியும். கூப்பிடாவிட்டால் என்ன, கால் இருக்கிறது, 12பி இருக்கிறது. பஸ்ஸில் நெரிசல். படியில் நின்றவளை, "இன்னாம்மா, உள்ள எடம் கீது பாரு, போய்க்கினே இரு," என்று கண்டக்டர் தள்ளினார். உள்ளே இடம் இல்லை. ஆனாலும் போனேன்.

தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. வெளியே பெஞ்சில் பிள்ளைகளும் அவர்கள் அப்பா அம்மாக்களும். எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ திருடிவிட்டு வந்தவர்கள் மாதிரி. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. என் பெயரைக் கூப்பிடப் போவதில்லை என்பதால், ஒரு பையன் வெளியே வந்ததும் நானே உள்ளே போனேன்.

நீளமான மேஜைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைகள். நடுவில் தலைவர், வயதானவர், மூக்குக்கண்ணாடி. ஓரத்தில் நம் பாத்திரக்கடை அண்ணாச்சி. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம ஜவுளிக்கடை அண்ணாச்சி மகள்லா இது! வாம்மா. போன வாரம் கேசரி குடுத்து அமர்க்களப்படுத்திட்டாவ."

தலைவர் பேப்பரைப் புரட்டினார். "அப்பா நன்கொடை சொல்லியிருக்காவளே. குடுத்தனுப்பினாவளாம்மா?"

நான் பணம் கட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நின்ற இடத்திலேயே நின்று, "எங்க கடை போச்சு," என்றேன்.

அந்தச் சொல்லை அந்த அறையில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுவும் ஒரு பெண் பிள்ளை வாயிலிருந்து.

"மாமா, நீங்க சாப்பிட்ட கேசரி கடன். டம்ளர் கீழ்வீட்டு மாமியோடது. நாற்காலியும் மாமியோடது. டிவி மட்டும் எங்களோடது, அது ஓடாது. வீடு போச்சு, நகை போச்சு, கடை போச்சு. எனக்கு காலேஜ்ல சீட் இருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள ஃபீஸ் கட்டலன்னா அதுவும் போயிடும்."

அண்ணாச்சியின் சிரிப்பு எங்கே போனதோ. "அப்ப அப்பா ஏம்மா அப்படிச் சொன்னாவ?" என்றார், நிஜமாகவே தெரியாதவர் போல.

"உங்க கடைக்கு இப்படி ஆனா நீங்க சொல்லுவீங்களா மாமா?"

அவர் மேஜையைப் பார்த்தார். மற்ற வெள்ளைச் சட்டைகளும் மேஜையைப் பார்த்தன. ஒருவர் மட்டும், வாய் நிறைய வெற்றிலையோடு, நிலைமையைச் சுமுகமாக்கப் பார்த்தார். "பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு நிதிய விட நம்மகிட்ட கல்யாண நிதி நல்லா இருக்கும்மா. அதுல கேட்டா தாராளமாச் செய்யலாம்."

"மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கீங்களா? அவரை முதல்ல எனக்கு ஃபீஸ் கட்டச் சொல்லுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். "வாயி இருக்கு உனக்கு," என்றார்.

"கடையில வளந்தவ ஐயா."

"சரி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. உங்க அப்பா நன்கொடை எழுதுனவரு. நன்கொடை எழுதுனவரு வீட்டுக்கே நிதி குடுத்தா நாளைக்கு ஊரு எங்களக் கேக்கும். நீ சின்னப் புள்ள, நீ சொல்லுதத வச்சு அவரு சொன்னத நான் அடிக்க முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை கூடுவோம். அவரு வந்து, அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"அவர் வர மாட்டார். நான் சொன்னது போதாதா?"

"காணாதும்மா."

வீட்டுக்கு வந்து ஒளிக்காமல் சொன்னேன். அப்பா வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். "எங்க வச்சுச் சொன்ன?" என்றார்.

"சங்கத்துல. எல்லாருக்கும் முன்னால."

"என்னன்னு சொன்ன?"

"போச்சுன்னு சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா யாரையும் அடித்தவர் இல்லை, ஆனாலும் அன்றைக்கு அடித்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். வேட்டியை முழுதாக மடித்து முடித்து, மடிப்பை நீவிவிட்டு, பெட்டியில் வைத்தார். அப்புறம் வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் என்னோடு பேசவில்லை. அவர் சொன்னது அப்படியே நடந்தது. கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. தவணை கொடுத்திருந்தவர்களில் இருவர் மாடியேறி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஈரோட்டுக்காரர் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போன் பண்ணி, அங்கிருந்து ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்து, சரக்கு தர முடியாது என்று சொல்லிவிட்டார். அப்பா திரும்பி வந்து, விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கும் போகவில்லை.

எனக்குப் பாவமாக இருந்தது. தப்பு என்று தோன்றவில்லை. இன்றைக்கு வரைக்கும் தோன்றவில்லை. இரண்டும் வேறு வேறு. அவருடைய ஒரு மூட்டைச் சேலை வருமோ வராதோ. என் சீட் மாசக் கடைசியில் நிச்சயமாகப் போகும். யாராவது ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், நான் சொன்னேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மட்டும் அவர் குளித்துவிட்டு எங்கோ போய் வந்தார். நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகக் கிளம்பினேன். வரச் சொல்லி அவரைக் கெஞ்சக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வராவிட்டால் கமிட்டிக்காரர்களோடு இன்னொரு சண்டை போடுவது என்ற முடிவில் இருந்தேன். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காராமல் நின்றேன்.

அப்பா மாடிப்படியில் ஏறி வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, சட்டை, திருநீறு. பெஞ்சிலிருந்தவர்கள் கமிட்டி ஆள் என்று நினைத்து எழுந்து வழிவிட்டார்கள். என் பக்கத்தில் வந்ததும், "வா ளா," என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் வார்த்தை.

உள்ளே போனதும் பாத்திரக்கடை அண்ணாச்சி பாதி எழுந்துவிட்டார். "வாங்க அண்ணாச்சி, இரிங்க." அப்பா உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டுகளையும் ஒரு ரூபாய்க் காசையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "நான் சொன்ன தொகை. வரவு வச்சுக்கிடுங்க."

"அதுக்கு இப்ப என்ன அவசரம் அண்ணாச்சி," என்றார் தலைவர்.

"சொன்னேம்லா. ரசீது போடுங்க."

ஒருவர் ரசீது எழுதினார். எனக்கோ உள்ளுக்குள் கொதித்தது. இந்த மனுஷர் திருந்தவே மாட்டார், இன்னொரு தடவை பணக்காரராகிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, குனியவில்லை. கடையில் நின்று வாடிக்கையாளரிடம் விலை சொல்லுகிற குரலில் சொன்னார்:

"இனி அடுத்த விசயம். எங் கடை போச்சு. முழுசாப் போச்சு. எம் மக படிக்கணும். உதவி கேக்கேன்."

தலைவர் அந்த நோட்டுகளை எடுத்து அப்பா பக்கம் தள்ளினார். "அப்ப இத நீங்களே வச்சுக்கிடுங்க. இது எதுக்கு..."

"அது படிக்கிற புள்ளைகளுக்குக் குடுத்தது. எடுத்தா அசிங்கம்." அப்பா அதைத் தொடவில்லை.

பாத்திரக்கடை அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெற்றிலைக்காரர் கல்யாண நிதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரி பெயருக்கு அந்த வாரமே செக் தருவதாகத் தலைவர் சொன்னார். மூன்று வருஷமும் தருவோம், மார்க் மட்டும் குறையக் கூடாது என்றார். "குறையாது," என்றேன்.

கீழே உஸ்மான் ரோட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அந்தக் காசு ஏதுப்பா?"

அந்தத் தெருவிலேயே பெரிய ஜவுளிக்கடை ஒன்றைக் கையால் காட்டினார். பல மாடிக் கட்டடம், எங்கள் கடை மாதிரி எத்தனையோ கடைகளை விழுங்கி ஏப்பம் விட்ட கடை. "சேலைப் பிரிவுல சேல்ஸ்மேன். நாளைக்குச் சேருதேன். சம்பளத்துல நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

சொந்தக் கடை முதலாளி, எதிரிக் கடையில் நின்று சேலை விரிக்கப் போகிறார். அதற்கு வாங்கின முன்பணத்தைக் கொண்டுபோய் நன்கொடை கட்டியிருக்கிறார். நடுத்தெருவில் நின்று கத்தினேன். "வீட்ல அரிசி இல்லப்பா! எனக்குப் புஸ்தகம் வாங்கணும்! அவரே திருப்பிக் குடுத்தாரே, வாங்கினா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" பூக்காரி, பிளாட்பாரத்தில் நைட்டி விற்கிறவர், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "நாளைக்கு அந்தக் கவுண்டருல நான் நிப்பேன். இவுக எல்லாரும் வீட்டுப் பொம்பளைகளக் கூட்டிக்கிட்டுச் சேலை எடுக்க வருவாவ. அப்ப நான் அவுக மூஞ்சியப் பாத்து 'வாங்கம்மா, என்ன பாக்கணும்'னு கேக்கணும்லா? வாங்குனவனா மட்டும் நின்னா கேக்க முடியாது ளா. குடுத்தவனாவும் நிக்கணும்."

எனக்குக் கோபம் தீரவில்லை. ஐந்நூற்று ஒரு ரூபாய்க்கு எத்தனை புத்தகம் வரும் என்று இன்றைக்கும் மனசுக்குள் கணக்குப் போடுகிறவள்தான் நான். ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. அழுதுவிட்டேன். நடுரோட்டில், அசிங்கமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு. அப்பா கஞ்சி மொடமொடக்கிற துண்டைக் கொடுத்தார். அதில் முகம் துடைத்தால் கன்னமெல்லாம் எரியும். துடைத்தேன்.

செக் வந்ததும் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஃபீஸ் கட்டுகிற ஜன்னல் முன்னால் வரிசை. என் பின்னால் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும், கனகாம்பரமும் சென்ட்டுமாக. ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்வி உதவி நிதியா? ஏழை மாணவரா?" என்றார், வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில். பின்னாலிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஆமா சார்."

"அப்பா என்ன பண்றார்?"

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் 'பிசினஸ்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். நாக்கு நுனியில் அதுதான் வந்து நின்றது. விழுங்கினேன்.

"ஜவுளிக்கடையில சேல்ஸ்மேன்," என்றேன், அவருடைய குரலைவிடச் சத்தமாக. "சேலைப் பிரிவு. உங்க வீட்ல கல்யாணம் காட்சி வந்தா சொல்லுங்க சார். எங்கப்பாவை விட நல்லாச் சேலை எடுத்துக் குடுக்க தி.நகர்ல ஆள் கிடையாது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஃபீஸ் ரசீதில் குத்தினார்.